வீட்டுக்கு வந்தப்புறமும் மண்டைக்குள்ள வேலை ஓடிட்டே இருக்கு, நீங்கல்லாம் தினமும் எப்படி சமாளிக்கிறீங்க?

பின்னலாடைக்காரி:
எல்லாருக்கும் வணக்கம்ங்க. திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சண்டைசரா இருக்கறேன். இந்த ஃபீல்டு தெரிஞ்சவங்களுக்குப் புரியும், ஆர்டர் குடுக்கற வெளிநாட்டு பையருக்கும் ஃபேக்டரிக்கும் நடுவுல நிக்கறது நாங்கதான். லேப் டிப், அதாவது கலர் சரியான்னு பாக்க சாயம் போட்டு அனுப்பற துணி சாம்பிள், அதுக்கு அப்ரூவல் லேட்டானா நாங்க பதில் சொல்லணும், சாயப்பட்டறைல இருந்து ஷேட் மாறி வந்தா நாங்க சொல்லணும், பட்டன் வந்து சேரலைன்னாலும் நாங்கதான். தூத்துக்குடில கப்பலுக்கு சரக்கு சேக்கற கடைசி நேரம் தவறிருச்சுன்னா அதை ஏர்ல அனுப்பணும், அந்தச் செலவு கம்பெனி தலைல விழும், அப்ப மொதல்ல கூப்பிட்டு நிக்க வைக்கறதும் எங்களைத்தான்.

இதெல்லாம் வேலைன்னா இருக்கறதுதான், அதுக்காக நான் இங்க எழுத வரலை. வீட்டுக்கு வந்து தோசை ஊத்திட்டு இருக்கறப்பக்கூட மனசு அங்கயே நிக்குது, அதுதான் பிரச்சனை. நாம ராத்திரி சோறு திங்கற நேரத்துல ஜெர்மனிக்காரங்க ஆபீஸ்ல இருக்காங்க, நியூயார்க் பையருக்கு அப்பதான் ஆபீஸே தொறக்குது, அதனால போன் டிங்குன்னு அடிச்சுட்டேதான் இருக்கும், எடுத்துப் பாக்கலைன்னாலும் என்ன வந்திருக்கும்னு யோசனை ஓடும். ராத்திரி ரெண்டு மூணு மணிக்கு முழிப்பு வந்துருது. தூக்கத்துல பல்லை நறநறன்னு கடிக்கறேன்னு வீட்டுக்காரர் சொல்றார், காலைல எந்திரிச்சா தாடை வலிக்குது, பையன் ஒரு கேள்வியை ரெண்டாவது தடவை கேட்டா சுள்ளுனு கோவம் வருது.

கேம்ப் போங்க, பத்து நாள் தியானத்துக்குப் போங்கன்னு சொல்லாதீங்க, எனக்கு லீவு கிடைக்காது. தினமும் வேலைக்குப் போற ஆளுங்க, வீட்டு வேலையும் பாக்கறவங்க, நீங்க நிஜமா என்ன பண்றீங்களோ அதைச் சொல்லுங்க. சின்ன விஷயமா இருந்தாலும் பரவால்ல.

சைக்கிள்காரன்:
நான் பண்றது நடை. ஆனா "காலைல எந்திரிச்சு வாக்கிங் போங்க"ன்னு சொல்ற டைப் இல்ல, எனக்கு காலைல முடியாது. ஆபீஸ் பஸ்ல ரெண்டு ஸ்டாப் முன்னாடியே எறங்கிடுவேன். போன் பைக்குள்ள, ஹெட்ஃபோன் கெடையாது. மொத பத்து நிமிஷம் மண்டைல வேலைதான் ஓடும், ஓடட்டும்னு விட்டுருவேன், அப்புறம் அதுவா அடங்கி மீன் கடை வாசனை, எவனோ பந்து போடறது, இதெல்லாம் கண்ணுல படும். வீட்டுப் படி ஏறும்போது நான் வேற ஆள். வீட்டுக்குள்ள போனப்புறம் "இப்ப ரிலாக்ஸ் ஆகலாம்"னு நெனச்சா ஆக மாட்டேங்குது, குழந்தை ஒரு பக்கம், டிவி ஒரு பக்கம். வேலைக்கும் வீட்டுக்கும் நடுவுல ஒரு இடம் வேணும், எனக்கு அது ரோடு.

மருதாணி:
பின்னலாடைக்காரி, நான் அரசு மருத்துவமனைல மாவட்ட மனநலத் திட்டத்துல சைக்காலஜிஸ்ட்டா வேலை பாக்கறேன். உங்கள மாதிரி சொல்றவங்கள ஓபில நிறையவே பாக்கறேன். கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுமையா படிங்க.

முடியாத வேலைய மனசு விடாது. அது உங்க பலவீனம் இல்ல, மூளையோட வேலையே அதுதான், மறந்துருவோமோன்னு பயந்து திரும்பத் திரும்ப எடுத்துக் காட்டிட்டே இருக்கும். அதனால "நெனைக்காதே"ன்னு அதட்டினா நிக்காது. பத்திரமா ஒரு இடத்துல எழுதி வச்சாச்சு, எப்ப யாரு என்ன செய்யணும்னு முடிவாயிருச்சுன்னு அதுக்குத் தெரிஞ்சா கொஞ்சம் அடங்கும். 2018-ல அமெரிக்காவுல பெய்லர் யுனிவர்சிட்டில ஒரு ஆய்வு பண்ணாங்க. 57 பேரை லேப்ல படுக்க வச்சு, படுக்கறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் ஒரு குரூப்பை நாளைக்கு செய்ய வேண்டியத எழுதச் சொன்னாங்க, இன்னொரு குரூப்பை ஏற்கனவே முடிச்சத எழுதச் சொன்னாங்க. நாளைய வேலைய எழுதினவங்க சராசரியா ஒம்போது நிமிஷம் முன்னாடியே தூங்கிட்டாங்க. எவ்ளோ விவரமா எழுதினாங்களோ அவ்ளோ சீக்கிரம். சின்ன ஆய்வுதான், அதுவும் எல்லாரும் இளவயசு ஆளுங்க, ஆனா ஓபில நான் பாத்ததோட ஒத்துப்போகுது.

இங்க முக்கியமானது விவரமா எழுதறது. "ஷேட் பிரச்சனை"ன்னு எழுதினா ஒண்ணும் ஆகாது, பயந்தான் கூடும். "காலைல 9:30-க்கு டையிங் மாஸ்டருக்கு போன், ரெண்டாவது லாட் துணி சாம்பிள் வாங்கணும், 11 மணிக்குள்ள வரலைன்னா பையருக்கு ஒரு நாள் டைம் கேட்டு மெயில்" இப்படி எழுதணும். போன்ல வேணாம், நோட்டுல. போனை எடுத்தா மெயிலும் சேந்து தொறந்துரும்.

ராத்திரி முழிச்சுட்டா மூச்சு. உள்ள இழுக்கறதை விட வெளிய விடறது நீளமா இருக்கணும், அவ்ளோதான், எண்ணிக்கைய பிடிச்சுத் தொங்க வேணாம். மூச்சு வெளிய போகும்போது வேகஸ் நரம்பு வழியா இதயத் துடிப்பு கொஞ்சம் மெதுவாகும், உங்க பல்ஸ்ல கை வச்சுப் பாத்தா உங்களுக்கே தெரியும்.

கடலூரான்:
நானும் சொல்றேன், யாரும் திட்டாதீங்க. சைட் சூப்பர்வைசர் வேலை. நாள் பூரா வெயில், காண்ட்ராக்டர் ஒரு பக்கம் ஓனர் ஒரு பக்கம். ராத்திரி ரெண்டு ரவுண்டு போட்டாத்தான் படுத்ததும் தூக்கம் வருது. தினமும் இல்ல, வாரத்துல நாலஞ்சு நாள். இதுல என்ன தப்புன்னு எனக்குப் புரியல, குடிச்சுட்டு யார்கிட்டயும் சண்டை போடறதில்ல.

இரவுப்பணி:
அண்ணே யாரும் திட்டல. நான் சோழிங்கநல்லூர்ல நைட் ஷிஃப்ட், தூக்கத்துக்காக எல்லாத்தையும் ட்ரை பண்ணவன்ங்கறதால சொல்றேன். சரக்கு படுத்த உடனே தூங்க வைக்கும், உண்மைதான், ஆனா அது உடம்புல எறங்க எறங்க பின் பாதி தூக்கம் துண்டு துண்டாயிடும், ரெண்டு மூணு மணிக்கு வாய் காஞ்சு முழிச்சு அப்புறம் புரண்டுட்டே கிடப்போம். காலைல எந்திரிச்சா அலுப்பு, அலுப்புல எல்லார் மேலயும் எரிச்சல், மறுபடி சாயங்காலம் அதையே தேடுது. ரெண்டு வாரம் நிறுத்திப் பாருங்கண்ணே, மொத நாலஞ்சு நாள் தூக்கம் மோசமாத்தான் இருக்கும், அதுக்கு பயந்து விட்றாதீங்க.

டீ காபியும் அப்படித்தான். குடிச்சு அஞ்சு மணி நேரம் ஆனாலும் பாதி காஃபின் உடம்புலயே இருக்கும்னு சொல்வாங்க. நான் ஷிஃப்ட் முடிஞ்சு காலைல வந்து படுக்கற ஆளு, அதனால ராத்திரி ரெண்டு மணிக்கு மேல டீ தொடறதில்ல. வீட்டுக்கு வர்ற வழில கூலிங் கிளாஸ், ரூம்ல தடிமனான கர்ட்டன். இவ்ளோ சின்ன மாத்தத்துக்கே அம்மா "இப்ப பேசினா முகத்தைப் பாத்து பதில் சொல்ற"ன்னாங்க.

மருதாணி:
கடலூரான், இரவுப்பணி சொன்னதோட ஒண்ணு மட்டும் சேத்துக்கறேன். நிறுத்தும்போது கை நடுக்கம், ரொம்ப வேர்வை, படபடப்பு வந்தா வீட்லயே தாங்கிக்காதீங்க, டாக்டர்கிட்ட போயிடுங்க. ரொம்ப நாளா தினமும் நெறைய குடிக்கறவங்க திடீர்னு தானா நிறுத்தறது ஆபத்து. நீங்க கேட்டதே நல்ல விஷயம்.

ஸ்டாஃப்ரூம்:
பிளஸ் டூ கெமிஸ்ட்ரி எடுக்கறேன், மதுரைப் பக்கம். மார்ச் வந்தா எங்களுக்கு ஒரு மாதிரி காய்ச்சல்தான், ரிசல்ட் பர்சன்டேஜ் எவ்ளோன்னு எல்லாரும் கேப்பாங்க, பிள்ளைங்க அழுறதும் நாங்கதான் பாக்கணும்.

என்னோடது கோலம். சிரிக்காதீங்க, நான் சீரியஸா சொல்றேன். ரெண்டு இழுப்பு இழுக்கற கோலம் இல்ல, 13 புள்ளி ஊடுபுள்ளி 7 வரைக்கும் வச்சு சிக்குக் கோலம். புள்ளி வரிசை ஒண்ணு கோணிச்சுன்னா கடைசில கம்பி சேராது, அதனால வேற எதையும் நெனைக்க மண்டைல இடமே இருக்காது. கம்பி எங்க கிளம்புச்சோ அங்கயே வந்து சேரணும், அது சேர்ற நேரத்துல தோள்பட்டை எல்லாம் தானா எறங்கியிருக்கும். எங்க ஸ்கூல்ல இன்னொரு சார் பழைய ரேடியோவ கழட்டி மாட்டுவாரு, அவருக்கு அது. கைக்கு வேலை, கண்ணுக்கு வேலை, தப்பு பண்ணினா யாரும் கேக்காத வேலை, அப்படி ஒண்ணு வேணும். ரீல்ஸ் பாக்கறது அந்தக் கணக்குல வராது, அதுல கை மட்டும்தான் அசையுது.

நிக்கறவ:
எல்லாரும் நல்லாத்தான் சொல்றீங்க, ஆனா எனக்கு ஒரு வருத்தம் இருக்கு, சொல்லிடறேன். தி.நகர்ல ஜவுளிக் கடைல சேல்ஸ்ல இருக்கேன். காலைல பத்து மணில இருந்து ராத்திரி வரைக்கும் நின்னுட்டே வேலை. இதுக்கு முன்னாடி இருந்த கடைல கஸ்டமர் இல்லாத நேரத்துலகூட சுவத்துல சாஞ்சா சூப்பர்வைசர் வந்து நிப்பாரு, தண்ணி குடிக்கவே யோசிப்போம், ஏன்னா பாத்ரூம் போக பர்மிஷன் கேக்கணும். அப்ப எனக்கு ஒருத்தங்க மூச்சுப் பயிற்சி சொல்லிக் குடுத்தாங்க. மூச்சு விட்டேன், கால் வலி அப்படியேதான் இருந்துச்சு, நரம்பு சுருட்டிக்கிட்டதுதான் மிச்சம்.

2021-ல தமிழ்நாட்டுல சட்டமே திருத்தினாங்க, கடை ஊழியர்களுக்கு உக்கார சீட் போட்டுக் குடுக்கணும்னு. அதுக்கு முன்னாடியே 2018-ல கேரளாவுல வந்துச்சு, அங்க கடைல வேலை பாக்கற பொம்பளைங்க போராடி வாங்கினது. இப்ப இருக்கற கடைல செக்‌ஷனுக்கு ரெண்டு ஸ்டூல் இருக்கு. கூட்டம் இல்லாதப்ப மாத்தி மாத்தி உக்காந்துக்கறோம். என் டென்ஷன்ல பாதி அந்த ஸ்டூல்ல போச்சு. ராத்திரி வீட்ல பிள்ளைகிட்ட எரிஞ்சு விழறது குறைஞ்சிருச்சு, நான் வேற எதுவும் மாத்தல.

அதனால பின்னலாடைக்காரி அக்காகிட்ட கேக்கறேன், ராத்திரி வர்ற மெயிலுக்கு நீங்கதான் பதில் போடணும்னு யாரு சொன்னது? அத மாத்த முடியாதா? அத விட்டுட்டு உங்களையே சரி பண்ணிக்கச் சொல்றது எனக்கு நியாயமாப் படல.

சைக்கிள்காரன்:
நிக்கறவ சொல்றது நூத்துக்கு நூறு. ஆனா எல்லா எடத்துலயும் கேக்க முடியாதே, கேட்டா வேலை போயிடும்னு பயப்படற ஆளும் இருக்கான். அவன் அதுவரைக்கும் என்ன பண்ணுவான்?

மருதாணி:
ரெண்டு பேரும் சொல்றது ஒண்ணையொண்ணு வெட்டல. லாசரஸ், ஃபோக்மன்னு ரெண்டு பேர் 1984-லயே இதைப் பிரிச்சு எழுதினாங்க. பிரச்சனையையே கை வைக்கறது ஒரு வகை, அதனால வர்ற பதட்டத்தை அடக்கறது இன்னொரு வகை. மாத்த முடிஞ்ச விஷயத்துல மூச்சுப் பயிற்சி மட்டும் பண்ணிட்டு இருந்தா நிக்கறவ சொன்ன மாதிரி கால் வலி அப்படியேதான் இருக்கும். மாத்தவே முடியாத விஷயத்துல, உதாரணத்துக்கு வீட்ல ஒருத்தருக்குத் தீராத வியாதின்னா, எப்படி மாத்தலாம்னே சுத்திட்டு இருந்தா ஆள் ஒடஞ்சு போயிடுவோம். எது எந்த வகைன்னு பிரிக்கறதுதான் கஷ்டமான வேலை, அதுக்குத்தான் இன்னொரு ஆள்கிட்ட பேச வேண்டியிருக்கு.

பேசறதுலயும் ஒண்ணு இருக்கு. ஒரே விஷயத்தை தினமும் அதே ஆள்கிட்ட அதே மாதிரி பொலம்பினா ரெண்டு பேருக்கும் பாரம் கூடிடும். கேக்கறவங்க பாதில "சரி, இதுல நாளைக்கு என்ன செய்யப் போற?"ன்னு ஒரு கேள்வி போட்டா பேச்சு வேற பக்கம் திரும்பும்.

பின்னலாடைக்காரி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, இவ்ளோ பேர் எழுதுவீங்கன்னு நெனைக்கல. மருதாணி சொன்ன மாதிரி நோட்டுல எழுதறேன். மொதல்ல எழுத எழுத லிஸ்ட் நீளமாகி இன்னும் பயமாத்தான் இருந்துச்சு, அப்புறம் ஒவ்வொண்ணுக்கும் நேரமும் ஆளு பேரும் போட்டப்பதான் பாதி வேலை என்னோடதே இல்லைன்னு தெரிஞ்சுது, குவாலிட்டி டீம் செய்ய வேண்டியது, பட்டன் ஜிப் வைக்கற ட்ரிம்ஸ் ஸ்டோர்ல செய்ய வேண்டியது, அதெல்லாம் நான் தூக்கிட்டு வீட்டுக்கு வந்திருக்கறேன். தூக்கம் முழுசா சரியாகல, ஆனா முழிச்சா திரும்பப் படுக்க முடியுது.

நிக்கறவ தங்கச்சி, உங்க கேள்வியை ரெண்டு நாளா யோசிச்சேன். யாரும் ராத்திரி பதில் போடச் சொல்லலை, எல்லாரும் போடறோம், அதனால போடணும்னு ஆயிருச்சு. எங்க செக்‌ஷன்ல நாங்க நாலு மெர்ச்சண்டைசர். ராத்திரி அவசர மெயிலை மட்டும் மாத்தி மாத்தி ஆளுக்கு ஒரு நாள் பாத்துக்கலாமான்னு கேட்டிருக்கறோம், மேனேஜர் யோசிக்கறேன்னு சொல்லிருக்கார்.

பல்லு கடிக்கறதுக்கு யாராவது சொல்லுங்க, தாடை வலி போகலை.

பல்லாண்டு:
பல் டாக்டர்ங்க நான். ஒரு தடவை காட்டிருங்க, தள்ளிப் போடாதீங்க. பல் மேல்பூச்சு தேஞ்சிருக்கான்னு பாத்து, தேவைன்னா ராத்திரி போட்டுக்க அளவெடுத்து நைட் கார்டு செஞ்சு குடுப்பாங்க, அது பல்லைக் காப்பாத்தும், கடிக்கற பழக்கத்தை நிறுத்தாது. பகல்ல கவனிச்சுப் பாருங்க, மானிட்டர் பாக்கும்போதும் பல்லை இறுக்கித்தான் வச்சிருப்பீங்க. உதடு மூடியிருக்கணும், மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொடாம இருக்கணும், சும்மா இருக்கும்போது அதுதான் சரியான நிலை. மானிட்டர் ஓரத்துல ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டி வச்சு அதைப் பாக்கறப்பல்லாம் தாடைய தளத்துங்க.

சாந்தி_தஞ்சை:
இவ்ளோ நேரம் படிச்சுட்டே இருந்தேன், எழுதலாமா வேணாமான்னு. நான் வேலைக்குப் போகல, ஆனா எனக்கு லீவும் இல்ல. மாமியாருக்கு ஸ்ட்ரோக் வந்து ஒரு பக்கம் வரல, படுத்த படுக்கைதான். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்கணும், இல்லைன்னா புண்ணு வந்துரும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. ட்யூப்ல கஞ்சி, மருந்து, டயாப்பர், துணி. அவங்க என்னை நல்லாப் பாத்துக்கிட்டவங்க, அதனால முகம் சுளிக்க மனசு வரல. ஆனா சில நேரம் பாத்ரூம்ல குழாயைத் தொறந்து விட்டுட்டு அழுவேன். நாத்தனார் போன்ல "அம்மாவ பாத்துக்க"ன்னு சொல்றப்ப பதில் சொல்லாம போனை வச்சுடணும்னு தோணுது. சைக்கிள்காரன் சொன்ன நடையெல்லாம் எனக்கு எங்க, வாசல் தாண்ட முடியாது. நான் கெட்டவளான்னு ராத்திரி யோசிக்கறேன்.

ஸ்டாஃப்ரூம்:
சாந்தி, நீங்க கெட்டவ இல்லம்மா. எங்க அப்பாவ கடைசி ரெண்டு வருஷம் பாத்துக்கிட்டது நான்தான். களைப்பு வேற, பாசம் வேற, ரெண்டும் ஒரே மனசுல ஒரே நேரத்துல இருக்கும். நாத்தனார்கிட்ட "வந்து பாருங்க"ன்னு பொதுவா சொல்லாதீங்க, "மாசத்துல ரெண்டாவது சனி ஞாயிறு நீங்க வந்து இருங்க, நான் அம்மா வீட்டுக்குப் போயிட்டு வரேன்"னு தேதி போட்டுக் கேளுங்க. வர முடியலன்னா அந்த ரெண்டு நாளைக்கு ஆள் வைக்க காசு அனுப்பச் சொல்லுங்க. கேக்கறதுல தப்பே இல்ல, அது அவங்களுக்கும் அம்மாதான்.

மருதாணி:
சாந்தி, நீங்க எழுதினது நல்லதாப் போச்சு. உங்களுக்கு மொதல்ல வேண்டியது கைக்கு உதவி.

மக்களைத் தேடி மருத்துவம்னு 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச அரசுத் திட்டம் தெரியும்தானே, பிபி சுகர் மாத்திரை வீட்டுக்கே வந்து குடுக்கறாங்களே, அது. அதுல மாத்திரை மட்டும் இல்ல, படுக்கைல இருக்கறவங்களுக்கு நர்ஸும் பிசியோதெரபிஸ்டும் வீட்டுக்கே வந்து பாக்கறதும் உண்டு. உங்க ஏரியா ஆரம்ப சுகாதார நிலையத்துல மாமியார் பேரைப் பதியச் சொல்லுங்க, டிஸ்சார்ஜ் சம்மரி ஜெராக்ஸ் எடுத்துட்டுப் போங்க, உங்களால போக முடியாது, வீட்டுக்காரரை அனுப்புங்க. நர்ஸ் வந்தா திருப்பிப் படுக்க வைக்கறதுல இடுப்பு வலிக்காத முறை சொல்லித் தருவாங்க, ட்யூப் எப்படிப் பாக்கறதுன்னு காட்டுவாங்க, புண்ணு ஆரம்பமா இருந்தா அப்பவே கண்டுபிடிச்சிருவாங்க.

அழுறது பத்தி. அழுதுட்டு மனசு லேசாகி அடுத்த வேலையப் பாக்க முடியுதுன்னா அது வடிகால். ஆனா ரெண்டு வாரத்துக்கு மேல தூக்கம் பசி ரெண்டும் போயி, எதுலயும் ஆசையே இல்லாம, செத்துப் போனா தேவலன்னு தோண ஆரம்பிச்சா அது வேற, அதுக்கு சிகிச்சை உண்டு, சரியாகும். 14416-க்கு போன் பண்ணுங்க, மத்திய அரசோட டெலி மானஸ் மனநல உதவி லைன், இலவசம், 24 மணி நேரமும் தமிழ்லயே பேசலாம். தமிழ்நாட்டுல 104-லயும் ஆலோசனை கிடைக்கும். மாமியார் தூங்கற நேரத்துல வீட்ல இருந்தே பேசலாம், வாசல் தாண்ட வேண்டியதில்ல. இந்த மாதிரி எண்ணம் இப்ப இருக்கான்னு நேரடியாவே கேக்கறேன், இருந்தா மறைக்காம சொல்லுங்க.

சாந்தி_தஞ்சை:
இல்லைங்க மேடம், அந்த மாதிரி எண்ணம் இல்ல. தூக்கம்தான் துண்டு துண்டா. கேட்டதுக்கே நன்றி, இதுவரை யாரும் கேக்கல. அவர்கிட்ட சொல்லிட்டேன், திங்கக்கிழமை போறாரு. ஆதார் கார்டும் கேப்பாங்களா? எங்க தெருவுக்கு மாத்திரை குடுக்க ஒரு அக்கா வருவாங்க, அவங்ககிட்டயே சொன்னா போதுமா?

மருதாணி:
அந்த அக்காகிட்டயே சொல்லுங்க, அதுதான் சீக்கிரமான வழி, அவங்க மேல தகவல் குடுத்துருவாங்க. ஆதார் ஜெராக்ஸ் ஒண்ணு சேத்துக் குடுத்தனுப்புங்க, இருந்தா நல்லது. நர்ஸ் வர்ற அன்னிக்கு உங்க பிபியையும் பாக்கச் சொல்லுங்க, மறந்துராதீங்க. வந்து பாத்துட்டுப் போனப்புறம் இங்க எழுதுங்க, புண்ணு எதாவது இருந்துச்சான்னும் சொல்லுங்க.